பிரேக் பிடிக்கிற குதிரை

போன ஆவணியில் காது குத்தும்போது
ஊரே திரும்பிப் பார்க்கக் கத்தினாள் சிகப்பி.
மடியில் வைத்திருந்தவன் நான்.
வேறு எதுவும் வாயில் வராமல்
"குதிரை வாங்கித் தாரேன்டி" என்றுவிட்டேன்.
கத்தல் நின்றது.
தை பிறந்துவிட்டது. மூன்றரை வயது.
போனில் முதல் கேள்வியே,
"அம்மான், என் குதிரை கிளம்பிருச்சா?"

எனக்குக் குதிரை தெரியாது.
காரைக்குடி செக்காலையில்
லாரிக்குப் பிரேக் சாமான் விற்கிறேன்.
எது எவ்வளவு தேய்ந்தால்
ஆளைக் கொல்லும் என்பது மட்டும் தெரியும்.

முதலில் பார்த்தது புதுவயலில்.
வெள்ளை. இரண்டு வயதுக் குட்டி.
"பிள்ளையும் இதுவும் சேர்ந்து வளரட்டுமே"
என்றார் விற்கிறவர், சம்பந்தம் பேசுகிறவர் போல.
அத்தான் அங்கேயே சொக்கிவிட்டார்.
முகப்பில் நிறுத்தினால் எடுப்பாக இருக்குமாம்.
நான் சாவிக்கொத்தைத் தரையில் போட்டேன்,
தவறி விழுந்த மாதிரி.
வெள்ளை இரண்டு காலில் எழுந்தது.
கயிறு பிடித்திருந்த பையன்
கருவேலம் புதருக்குள்ளிருந்து
சட்டையைத் தட்டிக்கொண்டு வந்தான்.
இரண்டும் பச்சைப் பிள்ளைகள்.
எதை எது வளர்க்கும்?

அடுத்தது தேவகோட்டைப் பக்கம்,
ரேக்ளாவில் கோப்பை வாங்கிய மட்டக்குதிரை.
நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது,
நியூட்ரலில் போட்டு
ஆக்ஸிலேட்டரை மிதித்த வண்டியாக.
"ரொம்ப சாது சார்" என்றவர்
அதன் பின்பக்கம் போகும்போது மட்டும்
ஏழடி தள்ளி நடந்தார்.
அவர் சொன்னதை விட்டுவிட்டு
அந்த ஏழடியை வாங்கிக்கொண்டு வந்தேன்.

"ஒன்னு இருக்கு. ஆனா உங்களுக்குப் பிடிக்காது"
என்றது மாட்டு டாக்டர் ஃபிலோமினா.
பள்ளத்தூர் தாண்டி ஒரு தென்னந்தோப்பு.
பெட்டைக்குதிரை, வயது பதினெட்டு.
கொடைக்கானல் ஏரிக்கரையில் பன்னிரண்டு வருஷம்
தேனிலவுக்காரர்களைச் சுமந்தது.
பழைய கோணியின் நிறம்.
இடது காதில் நுனி இல்லை.
போட்டோவில் எடுக்காது என்றார் அத்தான்.

சாவிக்கொத்தைப் போட்டேன்.
முழுக் காது மட்டும் திரும்பியது.
முகத்துக்கு நேரே குடையை விரித்தேன்.
மழையா என்பதுபோல் கொஞ்சம் அண்ணாந்தது.
டாக்டர் வாலைப் பிடித்து இழுத்தார்,
வயிற்றுக்கடியில் புகுந்து அந்தப் பக்கம் வந்தார்,
நாலு குளம்பையும் ஒவ்வொன்றாகத் தூக்கினார்.
கடைசியாக என் பைக்கை ஸ்டார்ட் செய்து
முறுக்கு முறுக்கென்று முறுக்கினேன்.
தோப்பில் ஒரு கொக்கு மிச்சமில்லை.
அது பெருமூச்சு விட்டது,
ஐந்து மணிக்கு மேல் மனு கொண்டுவந்தவனைப் பார்க்கும்
தாலுகா ஆபீஸ் எழுத்தர் மாதிரி.

"பல்லைப் பாத்துக்கங்க. ஆறேழு வருஷம் ஓடும்."
பார்த்தேன். தேய்மானம் எனக்குத் தெரிந்த பாஷை.
மூன்றரையும் ஏழும்...
கூட்டலை அங்கேயே விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சிகப்பியைக் கூட்டிப் போனோம்.
வழியெல்லாம் பேசியவள்
தோப்புக்குள் என் காலுக்குப் பின்னால் போய்விட்டாள்.
"பெருசா இருக்கு."
இருந்தது. என் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே.
அதுவாகவே தலையைத் தாழ்த்தி
அவள் கையிலிருந்த சீப்புச் சீடையை
உதட்டால் மட்டும் எடுத்துக்கொண்டது.
பிறகுதான் ஏற்றினோம்.
ஆளுக்கொரு பக்கம் நானும் அத்தானும்.
ஒன்று, இரண்டு, மூன்று, நாலு எட்டு.
"போதும்."
தொண்டைக்குள் சொன்னது, எனக்கே பாதிதான் கேட்டது.
கயிறு என் கையில் தளர்வாக இருக்க
அது நின்றுவிட்டது.
இருபது வருஷக் கடையில்
இப்படி ஒன்றை ஸ்டாக் வைத்ததில்லை.

இறங்கியவள் அந்த இடது காதையே பார்த்தாள்.
தன் தோட்டைத் தொட்டுக்கொண்டாள்.
"அம்மான், இதுக்கும் காது குத்துனாங்களா?"
"ஆமா."
"கத்துச்சா?"
"கத்தியிருக்கும்."
"என்ன வாங்கித் தாரேன்னு சொன்னாங்க?"

அட்வான்ஸ் எண்ணிக்கொண்டிருந்தேன்.
திரும்ப முதல் நோட்டிலிருந்து
எண்ண வேண்டியதாயிற்று.